திறந்த ஏடும் கட்டிய கையும்

2020 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 13 ஆம் திகதி இலங்கை அரசாங்கம் அதிவிசேட வர்த்தமானி ஒன்றை வெளியிட்டது. இறக்குமதிச் சீனி மீது கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவாக இருந்து வந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு அதன் மூலம் 25 சதமாகக் குறைக்கப்பட்டது. பொதுமக்கள் மலிவாகச் சீனி வாங்கவேண்டும் என்பதே நோக்கமெனக் காரணங் காட்டப்பட்டது. கடைத்தெருவிலே விலை அவ்வளவுக்கு இறங்கவில்லை என்பதைத் தேநீருக்குச் சீனி வாங்கிய எவரும் அறிவர். வரியாகத் திறைசேரிக்கு வரவேண்டியிருந்த பணத்தின் பெரும்பகுதி இறக்குமதி வியாபாரிகளின் இலாபமாயிற்று. அரசாங்கம் இழந்த தொகை 1,500 கோடி ரூபாவுக்கும் மேற்பட்டது என்னுங் கணக்குப் பின்னர் பாராளுமன்றத்தின் நிதிக் குழுவிலேயே வெளிவந்தது.

இதிலே ஒளிக்கப்பட்டது யாது என்று நாம் பலமுறை எம்மையே கேட்டதுண்டு. வர்த்தமானி இரகசியப் பத்திரமன்று. கையொப்பமிட்ட அமைச்சர் யாரென்பதும், எந்தச் சட்டத்தின் கீழ் ஒப்பமிட்டார் என்பதும், எந்த நாள் முதல் அமுல் என்பதும் அச்சிலே கிடந்தன. அது ஊழலா, கொள்கைப் பிழையா என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆயின் ஒன்றை மட்டும் எவரும் மறுக்கவியலாது. கோடிக்கணக்கான பொதுப்பணம் கைமாறியது நள்ளிரவிலே அன்று. பட்டப்பகலிலே, அரசாங்க அச்சகத்தின் முத்திரையோடு.

அண்மைக்காலமாக நம் நாட்டு மேடைகளில் 'வெளிப்படைத்தன்மை' என்னுஞ் சொல் ஒரு மந்திரம் போல ஓதப்பட்டு வருகின்றது. ஆளுங் கட்சி ஓதுகின்றது, எதிர்க்கட்சி ஓதுகின்றது, கடன் தருகின்ற சர்வதேச நிறுவனங்களும் அதே சுருதியிலே ஓதுகின்றன. ஒருவரையொருவர் எதிர்ப்பவர்களாய் உள்ள இத்தனை பேரும் ஒரே சொல்லை இவ்வளவு எளிதாக உச்சரிக்க முடிகின்றதென்றால், அச்சொல்லை ஒருமுறை உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகின்றது. அரசாங்க ஏடுகள் திறக்கப்பட்டால் ஊழல் தானே ஒழியும் என்ற நம்பிக்கை நம் ஆசிரிய நண்பர்களிடையேயும் மாணவரிடையேயும் வேரூன்றியிருக்கின்றது. அந்நம்பிக்கையில் ஒரு பாதி உண்மை. மறுபாதியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம்.

உண்மையான பாதியை முதலிற் சொல்லிவிடுவோம். தகவல் அறியும் உரிமையை நாம் இழிவாகப் பேசவில்லை. 2015 இல் நிறைவேறிய பத்தொன்பதாவது திருத்தம் அவ்வுரிமையை அரசியலமைப்பிலே சேர்த்தது. 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு உருவங் கொடுத்தது. 2017 பெப்ரவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. எந்தப் பிரசையும், ஏன் கேட்கிறாய் என்ற கேள்விக்கு ஆளாகாமலே, அரச அலுவலகம் ஒன்றிடம் எழுத்திலே தகவல் கேட்கலாம். பதினான்கு வேலைநாட்களுள் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதிலும் மறுத்தால் ஆணைக்குழு. கச்சேரி வாசலிலே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இது சிறிய காரியமன்று.

இச்சட்டத்துக்கு முன் நிலைமை எவ்வாறிருந்தது என்பதை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். சொத்துக்கள் பொறுப்புக்கள் வெளிப்படுத்தற் சட்டம் என்று ஒரு சட்டம் 1975 இலே இயற்றப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினரும் உயர் உத்தியோகத்தரும் தம் சொத்துக்களை வெளிப்படுத்த வேண்டுமாம். யாருக்கு? குறித்த ஓர் அதிகாரிக்கு. கட்டணஞ் செலுத்திய ஒருவர் அதனைப் பார்வையிடலாம்; பார்த்ததை வெளியே சொன்னால் அவர் குற்றவாளி! பெயரிலே 'வெளிப்படுத்தல்' என்றிருந்த இச்சட்டம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் பூட்டாகவே பயன்பட்டு, 2023 இன் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தோடுதான் நீங்கிற்று. அதற்கிடையிலே 2018 இல் ஒரு பத்திரிகையாளர், உறுப்பினர்களின் சொத்து விபரத்தையன்று, எவரெவர் விபரந் தந்தார் என்ற பெயர்ப் பட்டியலை மட்டும் கேட்டார். தகவல் ஆணைக்குழு 2021 இல் கொடுக்குமாறு பணித்தது. பாராளுமன்றச் செயலகம் வழக்குக்குப் போயிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆணைக்குழுவின் கட்டளையை உறுதிசெய்தபோது 2023 ஆம் ஆண்டு பிறந்துவிட்டது. ஒரு பெயர்ப் பட்டியலுக்கு ஐந்தாண்டு.

ஆகவே மூடிய கதவுகள் திறக்கப்படவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. திறந்த பின்னர் என்ன நடக்கின்றது என்பதே கேள்வி. இதற்கு எமது சொந்த அனுபவமொன்று உண்டு.

வடபகுதியிலே நாம் கற்பிக்கும் பாடசாலைக்குப் போகும் ஒழுங்கைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கொங்கிறீற் இட்டார்கள். வேலை தொடங்கியதும் சந்தியிலே ஒரு பலகை நாட்டப்பட்டது. திட்டத்தின் பெயர், நிதியின் மூலம், மதிப்பீட்டுத் தொகை, முடிவுறுந் திகதி எல்லாம் அழகாக எழுதப்பட்டிருந்தன. அந்த ஆண்டுக் கார்த்திகை மழை கழிந்தபோது பலகை பழுதின்றி நின்றது. வீதிதான் விளிம்பிலே உடைந்து கிடந்தது. உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் ஆசிரியர் இருவரும் சேர்ந்து தகவல் கோரும் படிவத்தை நிரப்பினோம். பதினான்கு நாட்கள் கடந்தன. மேன்முறையீடு செய்தோம். மூன்றாம் மாதம் ஒரு பொதி வந்தது.

பொதியின் முகப்புக் கடிதம் நல்ல தமிழிலே இருந்தது. உள்ளே இருந்த மதிப்பீடும் அளவுப் பட்டியலும் ஆங்கிலம். நிதி ஒதுக்கிய அமைச்சின் சுற்றறிக்கை சிங்களம். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒரு விவசாயிக்கு இந்தத் தகவல் வழங்கப்பட்டதா, வழங்கப்படவில்லையா? சட்டத்தின்படி வழங்கப்பட்டாயிற்று. எங்களிடம் சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருந்தார். கட்டட வேலை தெரிந்த பழைய மாணவன் ஒருவன் இருந்தான். இவ்விருவரும் இல்லாத ஊர்கள் எத்தனை!

பத்திரங்களை வாசித்த பின்னர் எமக்கு விளங்கிய செய்தி இது. காகிதத்திலே ஒப்பந்தம் ஊர்ச் சங்கமொன்றின் பெயரில் இருந்தது. சங்கங்களுக்குக் கேள்விப்பத்திரம் இன்றியே சிறு வேலைகளைக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. மக்களே தம் வேலையைச் செய்து கூலியும் ஊரிலே தங்கவேண்டுமென்பது அதன் நல்ல நோக்கம். உண்மையில் வேலை செய்தவர் வெளியூர் ஒப்பந்தகாரர். சங்கம் தன் பெயரையும் முத்திரையையுங் கொடுத்தது. அதற்கொரு சிறு பங்கு. கொங்கிறீற்றின் தடிப்பு ஆறு அங்குலம் என்று அளவைப் புத்தகம் சொல்லிற்று. உடைந்த விளிம்புகளில் ஒன்பது இடங்களில் மாணவர் அளந்தனர். நாலு அங்குலத்தைத் தாண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. கூலிப் பட்டியலிலே இருபத்தாறு பெயர்கள். அவற்றுள் ஒருவர் அப்பொழுது கத்தாரிலே இருந்தார்.

இவற்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது உத்தியோகத்தர் ஒருவர் எம்மை மரியாதையாக இருத்தித் தேநீர் தருவித்தார். பொதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆவணம் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்குது, மாஸ்டர்? கணக்காய்வும் முடிஞ்சுது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆவணங்கள் ஒழுங்காகவே இருந்தன. வேண்டிய இடமெல்லாம் ஒப்பம், வேண்டிய இடமெல்லாம் முத்திரை. தகவல் அறியும் உரிமை எமக்குத் தந்தது அலுவலகத்திலே உள்ள காகிதத்தை. காகிதத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையே இருந்த இரண்டு அங்குலம் எந்தக் கோப்பிலும் இல்லை. திருடத் தெரிந்தவனுக்கு முதலிலே கைவருவது கோப்பைச் சுத்தமாக வைத்திருக்குங் கலை. கோப்புகள் பகிரங்கமாகும் என்று தெரிந்த பின்னர் அக்கலை மேலும் வளருமேயொழியத் தேயாது.

அடுத்த ஞாயிறு மாலை வாசிகசாலை மண்டபத்திலே கூட்டம் போட்டுப் பட்டியலை உரத்து வாசித்தோம். அன்றுதான் நாம் ஒன்றைக் கற்றோம். எத்தனை பை சீமெந்து வந்தது, எத்தனை பை இறங்காமலே திரும்பிப் போனது, எந்த நாள் எத்தனை பேர் வேலை செய்தனர் என்பதெல்லாம் அந்த மண்டபத்தில் இருந்தவர்களிற் பாதிப் பேருக்கு முன்னமே தெரியும். கலவை குழைத்தவர்கள் அவர்கள். சல்லி சுமந்தவர்கள் அவர்கள். மூன்று மாதம் படிவமும் மேன்முறையீடுமாக நாம் தேடிக் கண்டுபிடித்த இரகசியம் அவ்வூரில் எவருக்கும் இரகசியமன்று. அப்படியாயின் இதனைச் சாட்சியமாக எழுதிக் கையொப்பமிடலாமே என்றோம். மண்டபம் மௌனமாயிற்று. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "மாஸ்டர், எத்தனை பை போட்டதெண்டு நாங்கள் சொல்லலாம். சொன்னாப் பிறகு தை மாச வேலைக்கு எங்களை ஆர் கூப்பிடுவினம்?"

இக்கேள்விக்குத் தகவற் சட்டத்திலே விடை கிடையாது. அது அச்சட்டத்தின் குற்றமுமன்று. அறியாமை காரணமாக மக்கள் ஏமாற்றப்படுகின்றனர் என்று படித்தவர்களாகிய நாம் எப்போதும் எண்ணிக்கொள்கின்றோம். அறிவூட்டுவது எமது தொழிலாயிருப்பதால் அவ்வெண்ணம் எமக்கு இதமாகவும் இருக்கின்றது. அந்தத் தொழிலாளிக்கு அறிவூட்ட எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. அவரிடம் இல்லாதிருந்தது, தை மாதத்துக் கூலி. பொதுப்பணத்தைத் திருடுபவனும் கூலி கொடுப்பவனும் ஒருவனாயிருக்கும் வரையில், எல்லாந் தெரிந்தவனும் வாய் திறவான்.

எமது முறைப்பாட்டுக்கு மேலிடத்திலிருந்து பதில் வந்தது. 'அவசிய நடவடிக்கைக்காக உரிய அதிகாரிக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்றிருந்தது. உரிய அதிகாரி, ஆவணம் ஒழுங்காக இருக்கிறதென்று சொன்ன அலுவலகத்தைச் சேர்ந்தவர்.

நிற்க. ஓர் ஒழுங்கையின் கதையை நாட்டின் கதையாக்கலாமா என்று வாசகர் கேட்கலாம். நாட்டின் கதையையே பார்ப்போம். 2015 பெப்ரவரி 27 ஆம் திகதி மத்திய வங்கி முப்பதாண்டுப் பிணைமுறிகளை ஏலத்தில் விட்டது. 100 கோடி ரூபாவுக்கு விளம்பரஞ் செய்துவிட்டு 1,000 கோடிக்கு மேல் ஏற்றுக்கொண்டது. பெரும் பங்கு பெற்ற நிறுவனம் ஆளுநரின் மருமகனோடு தொடர்புடையது. 'நல்லாட்சி' என்ற பெயரோடு, வெளிப்படைத்தன்மையை வாக்குறுதியாகத் தந்து பதவியேற்ற அரசாங்கம் அப்போது இரண்டு மாதக் குழந்தை. தகவல் உரிமையை அரசியலமைப்பிலே எழுதிய கையும் அதே அரசாங்கத்தின் கைதான் என்பதை மறத்தலாகாது.

இவ்விவகாரத்தைப் போல் நாட்டு மக்கள் அங்கம் அங்கமாகக் கண்ட இன்னொன்று இல்லை. பாராளுமன்றத்தின் கோப் குழு விசாரித்தது. 2016 ஒக்டோபரிலே அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டபோது ஆளுங் கட்சி உறுப்பினர் சிலர் அடிக்குறிப்புக்களைச் சேர்த்தனர். 'அடிக்குறிப்புக்காரர்' என்றொரு புதிய பட்டம் அரசியலில் பிறந்தது. 2017 இல் ஜனாதிபதி ஆணைக்குழு அமர்ந்தது. தொலைபேசிப் பதிவுகள், வீட்டு வாடகைக் கணக்குகள், யார் யாரோடு பேசினார் என்ற விபரங்கள் அனைத்தும் நாள்தோறும் பத்திரிகைகளிலே வந்தன. ஓர் அமைச்சர் பதவி விலகினார். அவ்வாண்டு டிசெம்பர் 30 ஆம் திகதி அறிக்கை கையளிக்கப்பட்டது. பின்னர் எவரும் வாசிக்கத்தக்கதாகப் பகிரங்கமாக்கவும் பட்டது. முன்னாள் ஆளுநர் சிங்கப்பூரிலே. அவரை ஒப்படைக்குமாறு 2019 இல் இலங்கை கேட்டது. 2024 ஆம் ஆண்டு கழிந்தபோதும் அவர் இந்நாட்டு நீதிமன்றமொன்றின் முன் நிற்கவில்லை.

ஆணைக்குழு என்பது நமக்குப் புதிய பண்டமுமன்று. பாராளுமன்ற உறுப்பினரின் இலஞ்சம் பற்றி விசாரிக்க 1959 இல் அமைக்கப்பட்ட தல்கொடபிட்டிய ஆணைக்குழுவின் முடிவுகள் மீது, சிலரின் குடியியல் உரிமைகளைத் தடைசெய்யுஞ் சட்டம் 1965 இலேதான் வந்தது. அன்று அதுவாவது வந்தது எனலாம்.

ஓயாது வெளிவருகின்ற உண்மைகள், எவர் மீதும் வினை ஏற்றாது கழிகின்றபோது மக்கள் மனத்திலே என்ன விளைகின்றது? சினம் விளையும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். முதற்கண் சினமே விளைகின்றது. இரண்டாந் தடவை அது சலிப்பாகின்றது. மூன்றாந் தடவை பகிடியாகின்றது. 'எல்லாரும் கள்ளர்தான்' என்ற வசனம் தேநீர்க் கடையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் ஒரே தொனியிற் பேசப்படுகின்றது. இந்த வசனம் மிகப் புரட்சிகரமானது போலத் தோன்றும். ஆயின் எல்லாருங் கள்ளர் என்றால் எந்தக் கள்ளனையும் தனியே பிடிக்கவேண்டிய அவசியமில்லை. அவனுக்கு இதனைவிட நல்ல பாதுகாப்பு வேறென்ன? தண்டனையற்ற வெளிப்பாடு ஊழலை வெட்கங்கெடச் செய்யுமே தவிர வேறொன்றுஞ் செய்யாது.

நீதிமன்றம் இருக்கின்றதே என்பார்க்கு: ஆம், இருக்கின்றது. 2022 இன் பொருளாதாரச் சரிவுக்கு முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் முன்னாள் நிதியமைச்சர் ஒருவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொறுப்பு என்று 2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பிலே கூறிற்று. வரலாறு மறவாத தீர்ப்பு அது. மனுதாரர் நட்டஈடு கோரவில்லை. ஆகவே வழக்குச் செலவாக 150,000 ரூபா என்ற அளவிலே பணக் கட்டளை நின்றது. அந்தச் சரிவிலே மண்ணெண்ணெய் வரிசையில் மயங்கி விழுந்தவர்களின் கணக்கு வேறு.

இனி, ஏடு திறந்ததனாலே பயன் விளைந்த ஓரிடத்தையும் பார்ப்போம்; அங்கே என்ன இருந்தது, எமது வாசிகசாலை மண்டபத்திலே என்ன இருக்கவில்லை என்பது அப்போது விளங்கும். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்திலே 1990 மே முதலாந் திகதி மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர் விவசாயிகள் அமைப்புத் தோன்றியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோரோடு அதனைக் கட்டியவர்கள் வறட்சி நிவாரண வேலையிலே மண் சுமந்த கூலிகள். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கேட்டபோது, 'நீ அவ்வளவு வேலை செய்யவில்லை. அளவைப் புத்தகம் சொல்கிறது' என்றார்களாம். புத்தகத்தைக் காட்டு என்றால், அது அரசாங்க இரகசியம். தகவல் கேட்கும் எண்ணம் அவர்களுக்கு உண்டானது பொதுஅறிவின் பொருட்டன்று. தம் வயிற்றுக்குரிய கூலி அந்தப் புத்தகத்துள்ளே கிடந்தது.

1994 டிசெம்பரிலே கோட் கிரானா என்னும் ஊரில் முதலாவது மக்கள் விசாரணையை நடத்தினர். கூலிப் பட்டியலை வெளியிலே வைத்து, பெயர் பெயராக வாசித்தார்கள். இறந்தவர் பெயரிலே கூலி. வேலைக்கு வராதவர் பெயரிலே கூலி. முடியாத கட்டடத்துக்கு முடிந்ததாகப் பணம். 1996 இலே பியாவர் நகரில் நாற்பது நாள் சத்தியாக்கிரகம் இருந்தனர். 2000 இல் ராஜஸ்தான் சட்டமும் 2005 இல் முழு இந்தியாவுக்குமான சட்டமும் அந்த வழியிலே வந்தவை. எமது கூட்டத்துக்கும் கோட் கிரானாவுக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் இப்போது காண்பர். இரு இடத்திலும் பட்டியல் வாசிக்கப்பட்டது. இரு இடத்திலும் கேட்டிருந்தோருக்கு உண்மை தெரியும். அங்கே எழுந்து பேசியவனின் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. சட்டம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அது இருந்தது. சட்டம் அச்சங்கத்தைப் பெறவில்லை. சங்கமே சட்டத்தைப் பெற்றது.

தனித்து நின்றவர் கதியும் அதே நாட்டிலே காணக்கிடக்கின்றது. குஜராத்தின் கிர் வனப்பகுதியை அண்டி நடந்த சட்டவிரோதக் கல் அகழ்வு பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு ஆவணங்கள் திரட்டிய அமித் ஜெத்வா, 2010 ஜூலை 20 ஆம் திகதி அகமதாபாத்திலே, மாநில உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தகவல் கிடைத்தது. கேட்டவர் இல்லை.

கணக்குக் கேட்பது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த வழக்கம் என்று சொல்வோருக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டுவதுண்டு. பத்தாம் நூற்றாண்டின் முதற்பகுதியிலே, பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அச்சாசனங்கள் குடவோலை முறையை விதிக்கும்போது, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவனுடைய உறவினர் பலரும் மீளத் தெரிவுசெய்யப்படத் தகுதியற்றவர் என்கின்றன. நம் பேச்சாளர்கள் இவ்விடத்திலே மார்தட்டி நிறுத்திவிடுவர். கல்வெட்டு அதற்கு முன்னும் சில தகுதிகளை விதிக்கின்றது: வரி செலுத்துங் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். அது பிராமணர் சபை. கணக்குக் காட்டியவனும் நிலமுடையான், கேட்டவனும் நிலமுடையான். அந்நிலத்தை உழுதவனுக்கு ஏரி வாரியத்தின் கணக்கைக் கேட்க இடமிருந்ததாக அக்கல்லிலே எழுதப்படவில்லை. தண்டனை இருந்தது, ஆகவே கணக்கும் இருந்தது. ஆயின் ஒரு வட்டத்துக்குள்ளே. எவன் எவனிடங் கணக்குக் கேட்கலாம் என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் உடைமையே தீர்மானித்தது.

இந்த வினாவை இன்றைய நிலைமைக்கும் போட்டுப் பார்க்கவேண்டும். 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டொலர்க் கடன் ஏற்பாட்டை அனுமதித்தது. அதே ஆண்டு செப்டெம்பரிலே நாட்டின் ஆட்சிமுறைக் குறைபாடுகளையும் ஊழலையும் பற்றிய ஆய்வறிக்கை வெளிவந்தது. ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவது அது. பெரிய கொள்வனவு ஒப்பந்தங்களையும், முதலீட்டுச் சபை வழியாக வரிவிலக்குப் பெறுங் கம்பனிகளையும், சொகுசு வாகனங்களுக்கு வரிச்சலுகை பெறுவோரையும் பகிரங்கப்படுத்துவதாக அரசாங்கம் உறுதியளித்தது. நல்ல காரியம். நம் மாணவர் அப்பட்டியல்களைத் தேடி வாசிக்கவேண்டும். வாசிக்கும்போது இதனையும் சேர்த்து வாசிக்கவேண்டும்: 2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 சதவீதமாயிற்று. பிள்ளையின் அப்பியாசக் கொப்பிக்கு வரி, கம்பனிக்கு விலக்கு. இரண்டும் பகிரங்கம், இரண்டுஞ் சட்டபூர்வம்.

கடன் கொடுத்தவனுக்குக் கணக்குப் பார்க்கும் ஆவல் இயல்பானது. தன் முதலும் வட்டியும் இடைவழியிலே சுரண்டப்படாமல் வந்துசேரவேண்டும் என்பது அவன் கவலை. கொங்கிறீற் குழைத்தவனின் கவலை அதுவன்று. இரண்டு கவலைகளுக்கும் ஒரே சொல்லைச் சூட்டியதனால் அவை ஒன்றாகிவிடா. வரிவிலக்கு யாருக்குக் கொடுபட்டது என்ற பட்டியலை வெளியிடுவதோடு முன்னவனின் வெளிப்படைத்தன்மை நிறைவடைந்துவிடும். ஏன் கொடுபட்டது, கொடுப்பதற்கு யார் சம்மதித்தார், அந்தச் சம்மதத்தைத் திருப்பி எடுக்க யாருக்கு அதிகாரம் என்ற இடத்திலேதான் பின்னவனுடைய கேள்வியே தொடங்குகின்றது. சீனி வர்த்தமானியிலும் இந்தக் கேள்விதான் கேட்கப்படாமற் போயிற்று.

தகவற் சட்டத்தின் 9 ஆம் பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமாயின், தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே அதுபற்றிய தகவலைப் பொதுமக்களுக்கும் அதனாற் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிப்பது அமைச்சரின் கடமை என்கின்றது அது. முடிந்த வேலையின் காகிதத்தைக் கேட்பதிலும், தொடங்காத வேலையின் திட்டத்தைக் கேட்பதிலே பலன் அதிகம்; கலவை இறுகிய பின்னர் அளவுகோலுக்கு வேலை குறைவு. எமது ஊரிலே அடுத்த வேலையாக வாய்க்கால் ஒன்று வரவிருப்பதாக அறிந்ததும் இப்பிரிவைக் காட்டித் திட்டத்தைக் கேட்டோம். இம்முறை படிவத்தை நிரப்பியவர் ஆசிரியரல்லர். முன்னைய கூட்டத்திலே பின்வரிசையிலிருந்து எழுந்தவர் வீட்டில், கூலிவேலை செய்யும் ஆண்களும் பெண்களும் தமக்கென்று ஒரு சங்கம் பதிவதா என்று இரு தடவை கூடிப் பேசியிருந்தனர். ஒருவர் தனியே போய்ச் சொன்னால் வேலை போகும். கூலிக்கு வரும் அத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே கடுதாசியிலே ஒப்பமிட்டால் ஒப்பந்தகாரர் யாரை விலக்குவார், வெளியூரிலிருந்து ஆள் இறக்குவாரா, இறக்கினால் என்ன செய்வது என்று வாதம் நடந்தது. மூன்று பேர் பயந்து விலகிக்கொண்டனர். சங்க முத்திரையைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர் வந்து சமாதானம் பேசிப் பார்த்தார்.

மூன்றாவது கூட்டம் மாசி மாதத்துப் பூரணை நாளில், விடுமுறையாதலால் பகலிலே நடந்தது. பதினொருவர் வந்திருந்தனர். அளவைப் புத்தகத்தை எப்படி வாசிப்பது என்று கேட்டார்கள்; பழைய மாணவன் கரும்பலகையிலே வாய்க்காலின் குறுக்குவெட்டை வரையத் தொடங்கினான்.